மீன் வணிகர் மகள் விண்ணில் பறந்த கதை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்குப் புயல் புதியதன்று. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த மாத்திரத்தில், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்ற கேள்விதான் நம் தெருக்களில் முதலில் எழும். ஒன்றாம் எண் கூண்டு என்றால் புயல் எங்கோ தொலைவில் உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும். பத்து என்றால் பேரபாயம். பதினொன்று என்றால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இந்தக் கணக்கை நான் வாய்பாட்டுக்கு முன்பே என் தாத்தாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் காசிமேட்டிலிருந்து முதலில் கட்டுமரத்திலும் பின்னர் விசைப்படகிலும் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மிக்ஜாம் புயலின் மழையில் நம் தெருக்கள் கால்வாய்களாயின. அன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை நீரில் மூழ்க, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வானொலித் தொடர்பும், ரேடார் கருவியும், இரண்டு விமானிகளும் உடைய மாபெரும் விமானங்களே அன்று தரையை விட்டு எழவில்லை. அவ்வாறிருக்க, மரச் சட்டத்தின்மேல் துணியைப் போர்த்திச் செய்த ஒரு சின்னஞ்சிறு விமானத்தில், தலைக்குமேல் கூரைகூட இல்லாமல், தன்னந்தனியாக ஓர் இளம்பெண் மழைமேகங்களுக்குள் புகுந்து பாதி உலகைக் கடந்தார் என்றால் நம்ப முடிகிறதா? ஆம், கடந்தார். அவர்தான் ஏமி ஜான்சன் அம்மையார்.

நூலகத்துச் சிஸ்டர் என் கையில் தந்த ஒரு பழைய புத்தகத்தில்தான் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். வீராங்கனை என்றவுடன் ஏதோ அரச குடும்பத்துப் பெண் என்று எண்ணினேன். முதற்பக்கத்திலேயே அவர் ஒரு மீன் வணிகரின் மகள் என்று கண்டதும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. வட கடலில் மீன் பிடிக்கும் கப்பல்கள் வந்து ஒதுங்கும் இடம். நம் காசிமேட்டைப் போலவே விடியுமுன் ஏலமும் பனிக்கட்டியும் மீன் வாடையுமாக இருந்த ஊர். அங்கே 1903-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஏமி பிறந்தார். பாட்டனார் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர். தந்தையார் மீன் இறக்குமதி செய்து விற்கும் நிறுவனத்தை நடத்தினார். வீட்டில் நான்கும் பெண்கள். அவர்களுள் ஏமிதான் மூத்தவர்.

பள்ளியில் அவர் அடக்கமான மாணவி என்று சொல்வதற்கில்லை. விளையாட்டில் பெருவிருப்பம் உடையவர். ஒருமுறை கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. பிறகு ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பெண்கள் பட்டம் பெறுவதே அரிது. ஆனால் பட்டம் பெற்ற பெண்ணுக்கும் கிடைத்தது தட்டச்சு வேலைதான்! லண்டனில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் செயலாளராக அமர்ந்தார்.

லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் ஒரு விமானக் கழகம் இருந்தது. 1928-இல் ஏமி அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். தொடக்கம் ஒன்றும் பெருமைப்படத் தக்கதாக இல்லை. மற்றவர்கள் தனியே பறக்கக் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அவருக்கு அதிக நேரம் பிடித்தது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது. கணக்குப் பாடத்தில் என் நிலைமை தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். 1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. விமானம் எப்படிப் பறக்கிறது, ஏன் சில வேளை பறக்க மறுக்கிறது என்று அறிய விரும்பினார். அலுவலக நேரம் போக மீதி நேரமெல்லாம் பட்டறையில் கிரீஸும் எண்ணெயும் படிந்த உடையோடு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டினார். முதலில் முகம் சுளித்த தொழிலாளர்கள் நாளடைவில் ஜானி என்று ஆண்பிள்ளைப் பெயர் வைத்து அழைக்கத் தொடங்கினர். அவ்வாண்டின் இறுதியிலேயே விமானப் பொறியாளருக்கான அரசு உரிமத்தையும் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. இந்த உரிமம் பின்னால் எத்தனை இடங்களில் அவர் உயிரைக் காத்தது என்பதை இனிக் காண்போம்.

ஏமியின் உள்ளத்தில் ஒரு பெரிய எண்ணம் வளர்ந்துகொண்டிருந்தது. 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் என்ற விமானி இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பதினைந்தரை நாள்களில் பறந்திருந்தார். ஒரு பெண் ஏன் அவ்வாறு பறக்கக் கூடாது என்பதே ஏமியின் கேள்வி. அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட தூரம் எவ்வளவு தெரியுமா? லண்டனிலிருந்து தம் சொந்த ஊரான ஹல்வரை! சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம்கூட இல்லை. பணம் கேட்டு எத்தனையோ கதவுகளைத் தட்டினார். இறுதியில் எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு பாதியும் தந்தையார் பாதியும் கொடுக்க, சுமார் 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானம் வந்து சேர்ந்தது. பச்சை வண்ணம் பூசி, தந்தையாரின் மீன் வணிக முத்திரைப் பெயரையே அதற்கும் சூட்டினார்: ஜேசன்.

அந்த விமானத்தைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிறகுகள். சுமார் 100 குதிரைத் திறன் உள்ள ஓர் இயந்திரம். இன்று நம் சாலைகளில் ஓடும் பல கார்களுக்கே அவ்வளவு திறன் உண்டு. மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வேகம். விமானியின் இருக்கை திறந்தவெளி. மழை பெய்தால் நேரே முகத்தில்தான். முன்னிருக்கை இருந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் தொட்டி. பக்கவாட்டில் கயிற்றால் கட்டிய ஓர் உதிரிச் சுழல்விசிறி. வானொலி கிடையாது. வழியில் வானிலை எப்படி என்று சொல்ல ஒருவரும் கிடையாது. வரைபடம், திசைகாட்டி, இரு கண்கள். இவ்வளவுதான்.

1930 மே மாதம் 5-ஆம் நாள் காலை, லண்டனை அடுத்த கிராய்டன் விமானத் தளத்திலிருந்து ஏமி புறப்பட்டார். வயது 26. வழியனுப்பத் தந்தையாரும் சில நண்பர்களும் மட்டுமே வந்திருந்தனர். முதல் நாள் வியன்னா. மறுநாள் கான்ஸ்டான்டினோபிள் நகரம்.

மூன்றாம் நாள்தான் வானம் தன் முகத்தைக் காட்டியது. துருக்கி நாட்டில் டாரஸ் என்னும் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதற்குமேல் ஏறிப் பறக்கும் வலிமை சுமை ஏற்றிய ஜேசனுக்கு இல்லை. ஆகவே மலைகளுக்கிடையே இரயில் பாதை செல்லும் குறுகிய கணவாய் வழியே நுழைந்தார். திருப்பம் ஒன்றில் வெண்மேகம் திரண்டு வந்து மூடிக்கொண்டது. முன்னும் பின்னும் மேலும் கீழும் வெண்மை. பக்கத்தில் பாறைச் சுவர் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது.

மேகத்துக்குள் பறப்பதில் அப்படி என்ன அபாயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார். நாம் நேராக நிற்கிறோமா, சாய்ந்து நிற்கிறோமா என்பதை நம் காதுக்குள் இருக்கும் நீர்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் சொல்கின்றன. ஆனால் அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது அந்தக் குழல்கள் ஏமாந்துவிடும். விமானம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும்; விமானிக்கோ நேராகப் போவது போலவே தோன்றும். இன்றைய விமானங்களில் அடிவானத்தைக் காட்டும் கருவி உண்டு. ஜேசனில் அது இல்லை. டாரஸ் மலையில் ஏமி பிழைத்தது, கீழே ஒரு நொடி மேகம் விலகி இரயில் பாதை கண்ணில் பட்டதால்தான்.

அலெப்போ நகரில் இரவு தங்கி, நான்காம் நாள் பாக்தாத் நோக்கிப் புறப்பட்டார். கீழே பாலைவனம். திடீரென்று விமானம் கல்லைப் போலக் கீழே விழத் தொடங்கியது. சில ஆயிரம் அடி! சக்கரங்கள் மணலைத் தொடும் உயரத்துக்கு வந்த பிறகே மீண்டும் கட்டுக்குள் வந்தது. மணற்புயல்! சூடேறிய நிலத்துக்கு மேலே காற்று மேலும் கீழுமாக ஓடும். அந்த ஓட்டத்தில் சிக்கிய சிறு விமானம் அலையில் சிக்கிய தோணிதான். எங்கே இறங்குகிறோம் என்று தெரியாமலே மணலில் இறங்கினார். காற்று விமானத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. பெட்டிகளை இறக்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். மணல் இயந்திரத்துக்குள் புகாதபடி துணியால் மூடிக் கட்டினார். பிறகு விமானத்தின் வாற்புறத்தில் ஏறி உட்கார்ந்து, கையில் துப்பாக்கியுடன் காத்திருந்தார். எங்கோ நாய்கள் குரைத்தனவாம். மணிக்கணக்கில் காத்திருந்து, புயல் ஓய்ந்ததும் மணலைத் துடைத்து இயந்திரத்தை முடுக்கி, பாக்தாத் போய்ச் சேர்ந்தார்.

புயலில் வலை அறுந்தாலும் போகட்டும், படகு கவிழாமல் பார்த்துக்கொள் என்று எங்கள் குப்பத்தில் சொல்வார்கள். பெட்டிகளை மணலில் போட்டு விமானத்தைக் காத்த ஏமி யாரும் சொல்லாமலே அதைச் செய்திருக்கிறார்.

மே 10-ஆம் நாள் அவர் கராச்சியில் இறங்கினார். அன்று அது இந்தியாவின் வாயில். இங்கிலாந்திலிருந்து ஆறே நாள்கள்! ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அதுவரை ஒரு மூலையில் செய்தி போட்ட பத்திரிகைகள் இப்போது முதற்பக்கத்தில் அவர் படத்தை வெளியிட்டன. யார் இந்தப் பெண் என்று உலகமே கேட்டது.

மறுநாள் அலகாபாத்துக்குப் போக வேண்டியவர், எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்துபோக, ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். திடல் சிறிது, விமானம் நிற்காமல் ஓடி இடித்துக்கொண்டது. சிறகு கிழிந்தது. அங்கிருந்தோர் உதவியோடு அன்றே செப்பனிட்டார்கள். ஆண்களோடு போரிட்ட இராணி இலட்சுமிபாயின் ஊரில் ஏமி ஓர் இரவு தங்கியதை எண்ணி நான் மகிழ்கிறேன். வரலாற்றில் இதற்கு முக்கியத்துவம் ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் பிடித்த செய்தி.

பிறகு கல்கத்தா. மே 13-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து இரங்கூனுக்குப் புறப்பட்டார். அக்காலத்தில் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியே. நம் வடசென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அங்கே பிழைக்கப் போன தமிழர் ஏராளம். அந்தக் கப்பல் பயணிகள் அறிந்த ஒன்றை ஏமி அறியவில்லை. தென்மேற்குப் பருவமழை நமக்கு முன்பே, மே மாதத்திலேயே பர்மாவை எட்டிவிடும். வங்கக் கடலின் ஈரக் காற்று அரக்கான் மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, கொட்டோ கொட்டென்று கொட்டும். ஏமி அந்த மழைக்குள் நேரே போய்ப் புகுந்தார்.

திறந்த இருக்கையில் மழை சாட்டையாய் அடித்தது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க நீர் மறைத்தது. இரயில் பாதை ஒன்றைக் கண்டுபிடித்து, அதை விட்டுவிடாமல் மிகத் தாழ்வாகப் பறந்தார். இரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் மழையிருட்டில் அது கண்ணில் படவில்லை. சில மைல் தொலைவில் இன்சின் என்ற ஊரில் ஒரு விளையாட்டுத் திடலைப் பார்த்து அதுதான் என்று எண்ணி இறங்கினார். விமானம் ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் கவிழ்ந்தது. சுழல்விசிறி உடைந்தது. சக்கரங்கள் நொறுங்கின. சிறகு கிழிந்து தொங்கியது. அங்கேயே அமர்ந்து அவர் அழுதார் என்று படித்தேன். யார்தான் அழமாட்டார்கள்? இரண்டு நாள் முன்னிலை ஒரு நொடியில் போயிற்று.

ஆனால் அவர் விழுந்த இடம் எது தெரியுமா? அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் திடல்! ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். உடைந்த இரும்புத் துண்டுகளைப் பட்டறையில் புதிதாகச் செய்தார்கள். சிறகில் ஒட்டுப்போடத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியை யாரோ மலிவாக வாங்கிச் சட்டைகள் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்துச் சிறகுக்குத் தைத்தார்கள். துணியை விறைப்பாக்கும் பூச்சை உள்ளூர் மருந்துக் கடைக்காரர் கலந்து கொடுத்தார். கிராய்டனிலிருந்து கட்டி எடுத்துவந்த உதிரிச் சுழல்விசிறி இப்போது பயன்பட்டது. எல்லாவற்றையும் மேற்பார்வையிட்டவர் யார்? பொறியாளர் உரிமம் பெற்ற ஏமியேதான். மே 16-ஆம் நாள் ஜேசன் மீண்டும் எழும்பியது.

பாங்காக் செல்லும் வழியில் மறுபடியும் மலை, மறுபடியும் மேகம். பின்னர் சிங்கப்பூர். ஜாவாத் தீவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் சிறகைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பறந்தார்! தைமூர் தீவில் இருட்டுவதற்குள் ஊர் கண்ணில் படாமல் ஒரு சிற்றூர் அருகே இறங்கிவிட்டார். ஓர் இரவு முழுவதும் உலகம் அவரைக் காணவில்லை என்றே எண்ணியது. ஹல் நகரில் அவர் பெற்றோர் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பார்கள்?

எனக்கு அது கொஞ்சம் தெரியும். என் சித்தப்பாவின் படகு ஒருமுறை கூண்டு ஏறிய பிறகும் கரை திரும்பவில்லை. என் ஆயா இரண்டு இரவுகள் சாப்பிடாமல் கடற்கரைக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை சித்தப்பா பழவேற்காட்டுப் பக்கம் கரையேறிப் பேருந்தில் வந்து நின்றார். ஆயா அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு, சோறு போடப் போனார்.

மே 24-ஆம் நாள், நிலமே தெரியாத தைமூர்க் கடலைத் தனியே கடந்து, ஏமி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். பத்தொன்பதரை நாள்கள். ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்க முடியவில்லை; அதற்காக ஏமி தம்மைத் தாமே நொந்துகொண்டாராம். உலகமோ அதைப் பொருட்படுத்தவே இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்ணுக்கு மன்னர் விருது வழங்கினார். ஒரு பத்திரிகை 10,000 பவுன் பரிசளித்தது. அவர் பெயரில் பாட்டே கட்டினார்கள். சிட்னி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு பணமுடிப்பு அளித்தனர். அந்தப் பணத்தில் ஏமி ஒரு தங்கக் கோப்பை செய்வித்து, துணிவு காட்டும் சிறுவர் சிறுமியருக்கு ஆண்டுதோறும் வழங்குமாறு தம் சொந்த ஊருக்குக் கொடுத்தார்.

அதன் பின் வந்த பத்தாண்டுகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 1931 ஜனவரியில் சீனாவை நோக்கிப் புறப்பட்டுப் போலந்து நாட்டின் குளிர்கால மூடுபனியில் வழி தவறி விழுந்து எழுந்தார். அவ்வாண்டு ஜூலையில் ஜப்பான்வரை பறந்தார். 1932-இல் ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தனியே பறந்து கணவரின் சாதனையையே முறியடித்தார்! அப்போது அவர் ஓட்டியது பஸ் மாத் என்ற விமானம். அதற்கு ஒரு மாதம் முன்னால், 1932 அக்டோபரில், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குத் தபால் கொண்டுவந்து சேர்த்ததும் அதே பஸ் மாத் வகை விமானத்தில்தான்.

1933-இல் கணவனும் மனைவியுமாக அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கக் கரையில் எரிபொருள் தீர்ந்து விழுந்து காயமுற்றனர். 1934-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் கராச்சிவரை முன்னணியில் வந்து அலகாபாத்தில் இயந்திரம் பழுதாகி விலகினர். மண வாழ்க்கை நிலைக்கவில்லை. பெண் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஏமி இருந்தார் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், நான் விடமாட்டேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களைப் படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் துணைப் படையில் 1940-இல் ஏமி சேர்ந்தார். சண்டையிடும் வேலையன்று, சுமந்து செல்லும் வேலை. அந்த விமானங்களில் வானொலித் தொடர்பு கிடையாது. தரை கண்ணில் தெரியும்படியே பறக்க வேண்டும் என்பது விதி. வானிலை சரியில்லையென்றால் பறக்க மறுக்கும் உரிமையும் விமானிக்கு உண்டு. இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

1941 ஜனவரி 5-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்திய இரவை பிளாக்பூல் நகரில் தங்கையின் வீட்டில் கழித்திருந்தார். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள தளத்துக்கு ஓர் இரட்டை இயந்திர விமானத்தைக் கொண்டு செல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அன்று உறைபனி மூட்டம். மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நண்பகலுக்குச் சற்று முன்பு ஏமி புறப்பட்டுவிட்டார்.

மேகத்துக்கு மேலே போய்விட்டால் வெயில் இருக்கும், பிறகு எங்காவது இடைவெளி பார்த்து இறங்கலாம் என்று நினைத்திருப்பார். எத்தனையோ முறை அப்படி இடைவெளி கிடைத்திருக்கிறதே! டாரஸ் மலையில் கிடைத்தது. அன்று கிடைக்கவில்லை. வெண்பஞ்சுக் கடலுக்குமேல் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நான்கு மணி நேரம்போல் சுற்றினார் போலும். எரிபொருள் தீர்ந்தது. பாரசூட்டுடன் குதித்தார். கீழே நிலம் இருக்கும் என்று எண்ணியிருக்கலாம். இருந்ததோ தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். போக வேண்டிய இடத்திலிருந்து நூறு மைல் விலகி வந்திருந்தார்.

அருகே ஹாஸல்மியர் என்ற கடற்படைக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. பாரசூட் இறங்குவதை மாலுமிகள் கண்டு கப்பலைத் திருப்பினர். பனி பெய்தது, அலை உயர்ந்திருந்தது. கயிறுகளை எறிந்தனர், குளிரில் விறைத்த கைகளால் அவர் அவற்றைப் பிடிக்க இயலவில்லை. அலை கப்பலின் பின்புறத்தைத் தூக்கி இறக்கியது. அதன்பின் அவரைக் காணவில்லை. கப்பலின் தலைவர் மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த உறைநீரில் குதித்தார். மற்றொரு படகு அவரை நினைவிழந்த நிலையில் மீட்டது. ஆனால் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஏமியின் பை மட்டும் மிதந்து கிடைத்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 37. அவர் இறப்பைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ கதைகள் கிளம்பின. அவற்றுள் நான் புகவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் கதை முழுவதையும் தாத்தாவிடம் சொன்னேன். மணற்புயலைக் கேட்டு அவர் தொடையைத் தட்டி மகிழ்ந்தார். இரங்கூன் மழையைக் கேட்டுச் சிரித்தார். வைகாசி மாதம் அந்தப் பக்கம் போனால் வேறென்ன கிடைக்கும் என்றார். ஆனால் கடைசி நாளைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. போக மாட்டேன் என்று சொல்ல உரிமை இருந்ததா என்று திரும்பவும் கேட்டார். இருந்தது என்றேன். அப்படியானால் அந்தப் பிள்ளை போயிருக்கக் கூடாது என்றார்.

நான் விவாதித்தேன். போர்க்காலம், கடமை, அவ்வளவு பேரும் புகழும் பெற்றவர் மூடுபனிக்கு அஞ்சி நின்றால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் சொன்னேன். தாத்தா ஒப்பவில்லை. கூண்டைப் பார்த்துவிட்டுப் படகைக் கரையில் இழுத்துப் போட்ட நாள்களில் தம்மையும் கோழை என்று சிலர் சொன்னதாகவும், சொன்னவர்களில் இருவரின் படம் இப்போது அவரவர் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குவதாகவும் சொன்னார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஏமி பாலைவனத்தில் இறங்கிக் காத்திருந்தாரே, அன்று அவரைக் கோழை என்று யார் சொன்னார்கள்? அந்த நான்காம் நாளின் ஏமியும் ஜனவரி 5-ஆம் நாளின் ஏமியும் ஒருவர்தானா என்று நானே குழம்பியிருக்கிறேன். அவர்மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை. ஆனால் அன்று காலை தங்கை வீட்டில் இன்னொரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, மதியம்வரை பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

ஜேசன் இன்றும் இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்தப் பச்சை விமானத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். இரங்கூன் சட்டைத் துணி இன்னும் அதன் சிறகில் இருக்குமா என்று போய்ப் பார்க்க எனக்கு ஆசை.

கட்டுரையை முடித்துவிட்டுத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீரில் குதித்தாரே அந்தக் கப்பல் தலைவர், அவர் பெயரை எழுதாமல் விட்டுவிட்டாயே என்றார். எழுதிவிட்டேன், தாத்தா. அவர் பெயர் வால்டர் ஃபிளெச்சர்.